கணினி கேள்வி பதில்: பெயர் தெரியாத சாதனத்தை அடையாளம் காண்பது எப்படி?

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற விண்டோஸ் திரையில் ‘அன்நோன் டிவைஸ்’ என்று ஒரு வரி தோன்றுகிறது, அது என்ன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் அளிக்கிறோம். முதல் கேள்விக்கான பதிலில் உள்ள அடிப்படை விளக்கம் மற்ற கேள்விகளுக்கும் தேவைப்படுவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: இன்டெல் பி75 சிப்செட் மதர்போர்டு கொண்ட அசெம்பிள்டு கணினி வீட்டில் இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸ் 10 புதிதாக நிறுவினோம். இணையம், ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் டிவைஸ் மேனேஜரில் ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’, ‘எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்’, ‘அன்நோன் டிவைஸ்’ என மூன்று வரிகள் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கின்றன. மதர்போர்டு பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உண்மையல்ல. இந்த மூன்று வரிகளை மட்டும் காரணமாகக் காட்டி மதர்போர்டை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு பாகம் முற்றிலும் செயலிழந்துவிட்டால் பெரும்பாலும் டிவைஸ் மேனேஜரில் அதற்கு வரியே இருக்காது. வரி இருக்கிறது என்றால், அந்தப் பாகம் மின்சாரம் பெற்று, ‘நீ யார்’ என்று கணினி கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்தப் பதிலுக்குப் பொருத்தமான டிரைவர், அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் நிரல், விண்டோஸின் கையிருப்பில் இல்லை என்றே பொருள்கொள்ள வேண்டும். அந்த வரியை இருமுறை கிளிக் செய்து ‘ஜெனரல்’ பக்கத்தைப் பாருங்கள். ‘கோட் 28’ என்று இருந்தால், டிரைவர் நிறுவப்படவில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் அங்கே சொல்லப்படவில்லை.

மதர்போர்டில் பிசிஐ என்ற இணைப்பு முறை வழியாக இணைந்துள்ள ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் அதைத் தயாரித்த நிறுவனத்துக்கான எண் ஒன்றும், அந்த நிறுவனத்தின் எந்தத் தயாரிப்பு என்பதற்கான எண் ஒன்றும் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1992-இல் பிசிஐ அறிமுகமானபோதே வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு, இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் வரை மாறாமல் தொடர்கிறது. கணினி தொடங்கும்போது ஒவ்வொரு இடமாகச் சென்று இந்த எண்களைப் படிக்கும். ஓர் இடத்தில் பாகம் எதுவும் இல்லையென்றால் அங்கிருந்து வரும் பதில் எல்லா இலக்கங்களும் ‘எஃப்’ ஆக இருக்கும் (எழுத்து எப்படி இலக்கமாகும் என்பதைக் கீழே சொல்கிறேன்). பிறகு, படித்த எண்களைத் தன்னிடமுள்ள டிரைவர் பட்டியல்களோடு விண்டோஸ் ஒப்பிடும். பொருத்தம் கிடைத்தால் பாகத்தின் முழுப் பெயரைக் காட்டும். கிடைக்காவிட்டால், அதே பாகம் சொல்லும் மற்றொரு எண்ணான வகை எண்ணைப் பார்த்து, அந்த வகைக்குரிய பொதுப்பெயரை எழுதி வைக்கும். ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்பதும் ‘எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்’ என்பதும் அப்படிப்பட்ட வகைப்பெயர்களே. வகைகூடத் தெரியாத பாகத்துக்குத்தான் ‘அன்நோன் டிவைஸ்’ என்ற பெயர் கிடைக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த எண்ணைப் படிப்பது. அதற்கு முன்பு எந்த மென்பொருளையும் இறக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் விசையையும் ‘எக்ஸ்’ விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள வரியில் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘டீடெயில்ஸ்’ பக்கம், அங்கே ‘ப்ராப்பர்ட்டி’ என்ற கீழிறங்கு பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். சில வரிகள் தோன்றும். மேலே உள்ள வரியே மிகத் துல்லியமானது. கீழே செல்லச் செல்ல விவரம் குறையும். மேல்வரியை வலது கிளிக் செய்து நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி ‘பிசிஐ’ என்று தொடங்கி, ‘வென்’ என்பதை அடுத்து நான்கு இலக்கங்கள், ‘டெவ்’ என்பதை அடுத்து நான்கு இலக்கங்கள், ‘சப்சிஸ்’ என்பதை அடுத்து எட்டு இலக்கங்கள், கடைசியாக ‘ரெவ்’ என்று செல்லும். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் இலக்கங்களாகப் பயன்படும் எண்முறை இது என்பதால், நடுவில் ‘ஏ’, ‘இ’ போன்ற எழுத்துகள் வந்தால் குழம்ப வேண்டாம். ‘வென்’ என்பது பாகத்தைத் தயாரித்த நிறுவனம். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே தனக்குரிய எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. 1022 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக். ‘டெவ்’ என்பது அந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்பதைச் சொல்கிறது. ‘சப்சிஸ்’ எட்டு இலக்கங்களில் கடைசி நான்கு, அந்தச் சிப்பைத் தன் பலகையிலோ மடிக்கணினியிலோ பொருத்தி விற்ற நிறுவனத்தைக் குறிக்கும்: 1043 ஏசஸ், 1458 ஜிகாபைட், 1462 எம்எஸ்ஐ, 1028 டெல், 103சி எச்பி, 17ஏஏ லெனோவோ. மதர்போர்டின் பெட்டியும் புத்தகமும் தொலைந்துபோன வீடுகளில், அது யாருடைய பலகை என்பதைக் கண்டுபிடிக்க இந்த நான்கு இலக்கங்கள் பெரிதும் உதவும்.

இப்போது உங்கள் மூன்று வரிகளுக்கு வருவோம். பி75 பலகையில் முதல் வரியின் எண் பெரும்பாலும் 8086, 1இ3ஏ என்று இருக்கும். அது இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் இன்டர்ஃபேஸ். சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பகுதியோடு விண்டோஸ் பேசுவதற்கான வழி. பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதே வகைப்பெயர் டயல்-அப் மோடத்துக்கும் வந்ததுண்டு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணைப் பாருங்கள். இரண்டாவது வரி 8086, 1இ22 என்று இருக்கும். பலகையில் உள்ள வெப்ப உணரிகள், ரேம் குச்சிகளில் உள்ள தகவல் சில்லுகள் ஆகியவற்றோடு பேசும் மெதுவான இணைப்பின் கட்டுப்பாட்டகம் அது. இன்டெல் தரும் சிப்செட் ஐஎன்எஃப் தொகுப்பு இதற்குத் தனியாக நிரல் எதையும் சேர்ப்பதில்லை, இது இன்னது என்ற பெயரை மட்டும் விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதனால் மஞ்சள் முக்கோணம் மறைந்த பிறகும் கணினியின் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

மூன்றாவது வரி வேறு இனத்தைச் சேர்ந்தது. அதன் ஹார்டுவேர் ஐடி ‘பிசிஐ’ என்று தொடங்காமல் ‘ஏசிபிஐ’ என்று தொடங்கும். மின்சக்தி மேலாண்மைக்காக 1996-இல் வெளியான ஏற்பாடு அது. அதில் பாகங்களைப் பற்றிய பட்டியலை, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரலான பயாஸ்தான் எழுதி விண்டோஸிடம் கொடுக்கிறது. பி75 காலத்துப் பலகைகளில் ‘ஏசிபிஐ’ என்பதை அடுத்து ‘ஐஎன்டி33ஏ0’ என்ற குறியீடு இருந்தால், அது இன்டெல் ஸ்மார்ட் கனெக்ட். உறக்கநிலையில் இருக்கும் கணினியை அவ்வப்போது எழுப்பி மின்னஞ்சலைப் புதுப்பிப்பதற்காக வந்த வசதி. இன்டெல் அதைப் பின்னர் கைவிட்டுவிட்டது. பயாஸுக்குள் சென்று ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்துவிட்டால் அந்த ‘அன்நோன் டிவைஸ்’ வரி தானாகவே போய்விடும். டிரைவரைத் தேடுவதைவிட இதுவே நேர்வழி.

முதல் இரண்டுக்கும் மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் பலகையின் மாடலுக்குரிய பக்கத்தில், ‘சிப்செட்’ என்றும் ‘மேனேஜ்மென்ட் என்ஜின்’ என்றும் உள்ள தொகுப்புகளை எடுத்து நிறுவுங்கள். நிறுவாமலே விட்டாலும் வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் எந்த வேறுபாடும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால், அதை ரேம் கூட்டுவதற்குப் பயன்படுத்தலாம்.

கேள்வி: எச்பி மடிக்கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினேன். வைஃபை இல்லை, டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று மட்டும் இருக்கிறது. எச்பி தளத்தில் என் மாடலுக்கு மூன்று வெவ்வேறு வைஃபை டிரைவர்கள் உள்ளன. எதை எடுப்பது? இணையமே இல்லாதபோது எப்படி எடுப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருப்பதால், பொதுவாகச் சில விநாடிகளில் கம்பிவழி இணையம் போலவே இணைப்பு வந்துவிடும். கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை இயக்குங்கள். அதில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற பகுதியில் டிரைவர்கள் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் மூன்றில் எது என்ற கேள்வி வருகிறது. மடிக்கணினி நிறுவனங்கள் ஒரே மாடலில், உற்பத்தி நேரத்தில் எந்த வைஃபை அட்டை கிடைத்ததோ அதைப் பொருத்தி அனுப்புகின்றன. அதனால்தான் ஒரே மாடலுக்கு இன்டெல், ரியல்டெக், குவால்காம் என்று மூன்று டிரைவர்கள் இருக்கின்றன. மாடல் எண் இங்கே விடை தராது. ஹார்டுவேர் ஐடிதான் தரும். ‘வென்’ 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் குவால்காம் ஏதரோஸ், 14இ4 என்றால் பிராட்காம், 14சி3 என்றால் மீடியாடெக். ‘டெவ்’ எண்ணையும் பார்த்தால் சிப்பே தெரிந்துவிடும். 168சி, 0042 என்றால் கியூசிஏ9377. 10இசி, பி723 என்றால் ஆர்டிஎல்8723பிஇ. ரியல்டெக் சில்லுகளில் எண்ணின் கடைசி இலக்கங்கள் மாடல் பெயரின் இலக்கங்களோடு ஒத்துப்போவதைப் பலமுறை காணலாம். கம்பிவழி இணையத்துக்கான 8168 சிப்பின் ‘டெவ்’ எண்ணே 8168தான்.

மூன்று டிரைவர்களையும் வரிசையாக நிறுவிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பொருந்தாத டிரைவர் பொதுவாக நிறுவலின்போதே மறுத்துவிடும் என்றாலும், கூடவே வரும் சேவை நிரல்கள் கணினியில் தங்கிவிடக்கூடும். ஒரு நிமிடம் செலவழித்து எண்ணைப் படித்துவிட்டால் அந்தக் குப்பைக்கு இடமே இல்லை.

கேள்வி: கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று அறிவிப்பு வருகிறது. வெளியே எதுவும் செருகவில்லை. டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும் கோட் 43 என்றும் காட்டுகிறது. நீங்கள் முன்பொருமுறை எழுதியபடி ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் ‘விஐடி 0000, பிஐடி 0002’ என்று இருக்கிறது. இந்த எண்ணுக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்? (வாசகர், வேலூர்)

பதில்: எங்கும் கிடைக்காது. ஏனென்றால் அது உங்கள் சாதனத்தின் எண்ணே அல்ல. முதல் கேள்வியில் சொன்ன நிலைக்கு நேர்மாறான நிலை இது; இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் நாள்கணக்கில் டிரைவர் தேடி ஏமாறுகிறார்கள்.

யுஎஸ்பி சாதனம் ஒன்று இணைக்கப்பட்டதும், கணினி அதனிடம் 18 பைட் நீளமுள்ள ஓர் அறிமுகக் குறிப்பைக் கேட்கும். நிறுவன எண்ணான விஐடியும், தயாரிப்பு எண்ணான பிஐடியும் அந்தக் குறிப்புக்குள்ளேதான் இருக்கின்றன. உங்கள் கணினியில் ஏதோ ஒன்று இணைந்திருப்பதை மின்னிணைப்பு உணர்த்துகிறது, ஆனால் அறிமுகக் குறிப்பைக் கேட்டால் பதில் வரவில்லை. பெயரே தெரியாததால் விண்டோஸ் 0000 என்று தானாக ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறது. இது டிரைவர் பிரச்சினை அல்ல. கேபிள், செருகுவாய், மின்சாரம் அல்லது அந்தச் சாதனம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும் பிரச்சினை.

முதலில் கணினியை முழுமையாக நிறுத்துங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கிக்கொண்டிருந்தால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டே நிற்கும். ஆகவே ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். பிறகு மின்செருகியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சுமார் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். தற்காலிகமாகச் சிக்கிக்கொண்ட சாதனமாக இருந்தால் இதிலேயே மீண்டுவிடும்.

மீளாவிட்டால் எது என்று தேட வேண்டும். வெளியே எதுவும் செருகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உள்ளேயும் யுஎஸ்பி சாதனங்கள் உண்டு. மடிக்கணினியில் கேமரா, புளூடூத், பெரும்பாலான கைரேகை வருடிகள் ஆகியவை உள்ளேயே யுஎஸ்பி வழியாகத்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் எது டிவைஸ் மேனேஜரில் காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். கேமரா செயலி படம் காட்டவில்லை, அதே நேரத்தில் ஓர் அடையாளம் தெரியாத யுஎஸ்பி வரியும் இருக்கிறது என்றால், இரண்டும் ஒன்றே என்று கருத நல்ல காரணம் உண்டு. மேசைக்கணினியாக இருந்தால், கேபினெட்டின் முன்பக்கச் செருகுவாய்களைச் சோதியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே உலோக நாக்கு வளைந்திருந்தாலோ தூசி அடைந்திருந்தாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முன்பக்கச் செருகுவாயிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். அறிவிப்பு நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வளைந்த உலோக நாக்கை ஊசியால் நிமிர்த்த முயல வேண்டாம். ஐந்து வோல்ட் கம்பி அருகிலுள்ள கம்பியைத் தொட்டால் மதர்போர்டின் செருகுவாய்ப் பகுதியே கெடக்கூடும்.

கேள்வி: என் மகள் பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். புராஜெக்ட்டுக்காக ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் ஒரு சிறு மின்னணுப் பலகை வாங்கினோம். செருகினால் ‘அன்நோன் டிவைஸ்’. வேறொரு கேபிளில் செருகினால் எதுவுமே தோன்றுவதில்லை. பலகை போலியா? (வாசகர், ஈரோடு)

பதில்: எதுவுமே தோன்றாத கேபிளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அது மின்னேற்றத்துக்கு மட்டுமான கேபிளாக இருக்கக்கூடும். தரவு செல்வதற்கான இரு கம்பிகள் அதற்குள் இருக்காது. மற்ற கேபிளில் செருகி, ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலும் விஐடி 1ஏ86, பிஐடி 7523 என்று இருக்கும். அது சீனாவின் நான்ஜிங் நகரைச் சேர்ந்த கின்ஹெங் நிறுவனத்தின் சிஎச்340 என்ற சிப். யுஎஸ்பியைத் தொடர்முறை இணைப்பாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அந்நிறுவனமே தரும் டிரைவரை நிறுவினால், டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு காம் எண்ணுடன் பலகை தோன்றும். அந்தக் காம் எண்ணைத்தான் ஆர்டுயினோ மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சிப் இருப்பதால் பலகை போலியாகிவிடாது. ஆர்டுயினோவின் வடிவமைப்பு வெளிப்படையாகப் பகிரப்பட்டது. பிறர் அதைத் தயாரித்து விற்கலாம். அசல் ஆர்டுயினோ பலகையாக இருந்தால் விஐடி 2341 என்று வரும். 10சி4, இஏ60 என்றால் சிலிகான் லேப்ஸ் நிறுவனத்தின் சிபி210எக்ஸ். ஈஎஸ்பி32 பலகைகளில் இதை அதிகம் காணலாம். 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்.

போலி பற்றிய உங்கள் கவலை முற்றிலும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. எஃப்டிடிஐ சிப்களைப் போலவே நடந்துகொள்ளும் போலிகள் சந்தையில் பெருகியபோது, 2014-இல் அந்நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் பிஐடியை 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. அதன் பிறகு அந்தச் சிப்பை எந்தக் கணினியும் வழக்கமான டிரைவரோடு அடையாளம் காணவில்லை. காசு கொடுத்து வாங்கிய, போலி என்று அறியாத மக்களின் கருவிகள் செயலிழந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் கோபத்தில் நியாயம் இருந்தாலும், வாங்கியவரைத் தண்டித்தது தவறு என்பதே என் கருத்து. புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப்பிலும் இதை ஒத்த ஒரு சிக்கல் உண்டு. 067பி, 2303 என்ற எண் கொண்ட பழைய கேபிளைப் புதிய விண்டோஸில் செருகினால், 2012 முதல் இந்தச் சிப் நிறுத்தப்பட்டுவிட்டது என்ற வாசகமே சாதனத்தின் பெயராக வந்து நிற்கும். எண் சரியாக இருந்தும் புதிய டிரைவர் இயக்க மறுக்கும் இடம் இது. அங்கே பழைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் கேபிள் பெரும்பாலும் வேலை செய்யும்.

கேள்வி: எல்லா டிரைவர்களையும் தானாகக் கண்டுபிடித்து நிறுவும் மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தினால் என்ன? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். உள்ளதிலேயே நேர்மையான மென்பொருளும் இந்த ஹார்டுவேர் ஐடியைப் படித்து ஒரு பட்டியலில் தேடுவதைத்தான் செய்கிறது. நேர்மையற்றவை, சரியாக இயங்கும் டிரைவர்களையும் ‘பழையது’ என்று சிவப்பில் காட்டிப் பணம் கேட்கின்றன, விளம்பர நிரல்களைச் சேர்த்து நிறுவுகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்’ என்ற தளத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. அதன் தேடல் பெட்டியில் ‘வென்’ முதல் ‘டெவ்’ எண் முடிய உள்ள பகுதியை, நடுவிலுள்ள குறியோடு அப்படியே ஒட்டித் தேடினால், அந்த எண்ணுக்குரிய டிரைவர்கள் வரிசையாக வரும். இறக்கிய ‘கேப்’ என்ற சுருக்கப்பட்ட கோப்பை ஒரு ஃபோல்டருக்குள் பிரித்து வைத்து, டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பொருந்தாத டிரைவராக இருந்தால் விண்டோஸே ஏற்காது.

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பழைய கணினியில் லினக்ஸ் போட எண்ணுகிறேன். உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, அவை லினக்ஸில் இயங்குமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உண்டு, நிறுவத் தேவையே இல்லை. லினக்ஸின் வகைகளான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ‘ட்ரை’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து சிறிய எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, அதனோடு ‘என்’, ‘என்’, ‘கே’ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து என்டர் அழுத்துங்கள். பிசிஐ பாகங்கள் அனைத்தும் பெயரோடும், சதுர அடைப்புக்குள் எண்ணோடும், எந்த டிரைவர் அதை இயக்குகிறது என்ற வரியோடும் வந்துவிடும். டிரைவர் வரி இல்லாத பாகத்தைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். யுஎஸ்பி சாதனங்களுக்கு எல், எஸ், யு, எஸ், பி என்பதே கட்டளை.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அறியத்தக்கது. செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷ் தொடங்கிய ‘பிசிஐ ஐடி’ பட்டியல் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. புதிய பாகத்தைக் கண்ட எவரும் அதில் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். விண்டோஸ் பயன்படுத்துபவர்களும் அந்தப் பட்டியலின் தளத்தில் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். நான் முதலில் போகும் இடம் அதுவே. அங்கே ‘டவுன்லோட்’ பொத்தான்களும் விளம்பரமும் குறுக்கிடுவதில்லை. விண்டோஸே தொடங்காத கணினியில் பாகங்களை அடையாளம் காணவும் இந்தப் பென்டிரைவ் முறை கைகொடுக்கும்.

கேள்வி: வீட்டில் ஒரே ஒரு கீபோர்டுதான் இருக்கிறது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் ‘எச்ஐடி கீபோர்டு டிவைஸ்’ என்று மூன்று வரிகள் இருக்கின்றன. நான் தட்டுவதை யாராவது வேவு பார்க்கிறார்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது, ஆனால் மூன்று வரிகள் இருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. ஒரே யுஎஸ்பி சாதனம் பல வேடங்களில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அனுமதி உண்டு. ஒலியைக் கூட்டும் பொத்தான்கள் உள்ள கீபோர்டு, கூடுதல் பொத்தான்கள் உள்ள மவுஸ், கம்பியில்லா மவுஸின் சிறு ரிசீவர் ஆகியவை ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளைத் தருவது வழக்கம். லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர், மவுஸ் மட்டும் இணைந்திருந்தாலும், கீபோர்டாகவும் தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

சரிபார்க்கும் வழி எளிது. மூன்று வரிகளின் ஹார்டுவேர் ஐடிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். விஐடியும் பிஐடியும் ஒன்றாக இருக்கும் வரிகள் ஒரே சாதனத்துக்கு உரியவை. லாஜிடெக் என்றால் விஐடி 046டி என்று இருக்கும், அந்த யூனிஃபையிங் ரிசீவர் என்றால் பிஐடி சி52பி. இப்போது டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே, வெளியே செருகியுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எந்த வரி மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் யுஎஸ்பி கீபோர்டு வரி ஒன்று எஞ்சியிருந்தால்தான் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். மடிக்கணினியாக இருந்தால் அதன் சொந்தக் கீபோர்டுக்கும், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளுக்கும் தனி வரிகள் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ இயக்கப்பட்டிருந்தால் மங்கலாகத் தெரியும் வரிகள், முன்பு எப்போதோ இணைத்து இப்போது இல்லாத சாதனங்களின் பதிவுகள் மட்டுமே. அவற்றின் நிலையில் ‘கோட் 45’ என்று இருக்கும்.

உண்மையான வேவுக் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்டு கேபிளுக்கும் கணினிக்கும் நடுவே பொருத்தப்படும் சிறு கருவி, டிவைஸ் மேனேஜரில் எந்த வரியையும் காட்டாமலே இருக்க முடியும். ஆகவே அந்தச் சந்தேகம் உங்களுக்கு இருந்தால் திரையைப் பார்ப்பதைவிட, கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள்; கீபோர்டின் கேபிள் நேராக செருகுவாய்க்குள் செல்கிறதா, நடுவே நீங்கள் பொருத்தாத ஒரு துண்டு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பென்டிரைவ் வடிவில் இருந்துகொண்டு, செருகியதும் தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துத் தானே கட்டளைகளைத் தட்டும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. எங்கோ கிடந்த, யாருடையது என்று தெரியாத பென்டிரைவை வீட்டுக் கணினியில் செருகாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.